ஒரு நெல்மணிக்கு எத்தனை பெயர்?

[காட்சி: உள்ளங்கையில் ஒரு பிடி நெல்]

வணக்கம் பிள்ளைகளே. இது நெல்தான். ஆனால் இதைக் குத்திச் சமைக்கலாமா என்று கேட்டால் தாத்தா அடிக்க வருவார். ஏனென்றால் இது விதைநெல், அடுத்த போகத்துக்கு, அதாவது அடுத்த தடவை பயிரிட, எடுத்து வைத்தது.

முதலில் இதில் நல்லதைப் பிரிக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் கோழிமுட்டையைப் போட்டு, அது மிதக்கும்வரை உப்பைக் கரையுங்கள். முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டுங்கள். கனத்த மணி அடியில் போய்விடும். மேலே மிதப்பது பதர், உள்ளே அரிசி சரியாகப் பிடிக்காத நெல். அதை அள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெட்டுவிடும்.

அப்புறம் ஒரு நாள் ஊறல், ஒரு நாள் ஈரச்சாக்கு. சாக்கைப் பிரித்தால் மணிக்கு மணி வெள்ளை முளை!

[காட்சி: சேற்று வயல், ஓரத்தில் இளம்பச்சைப் பாத்தி]

முளைகட்டிய விதையைத் தூவும் இந்தச் சின்ன இடம் நாற்றங்கால். பச்சைப் பிள்ளையை எல்லாரும் கூடிப் பார்த்துக்கொள்வது மாதிரி, இளம்பயிரை ஒரே இடத்தில் வைத்துக் காப்பாற்றுவது சுலபம். அதற்குள் பெரிய வயலை உழுது, தண்ணீர் கட்டி, பரம்படித்து விடலாம். பரம்பு என்பது சேற்றைச் சமப்படுத்த மேலே இழுக்கும் நீளப்பலகை. வயலைச் சுற்றியுள்ள மண்கரை வரப்பு. தண்ணீர் வருவது வாய்க்காலில், அதை வயலுக்குள் திறந்து அடைக்கும் இடம் மடை.

சுமார் 25 நாளில் நாற்றைப் பறித்து வயலில் நடுகிறோம். அதுதான் நடவு. வேர் பிடித்ததும் நாற்று என்ற பெயர் போய், அது பயிர்.

[காட்சி: மிக அருகில், ஒரு பச்சைக் கதிர்]

எனக்கு மிகவும் பிடித்த சொல் இங்கேதான் வருகிறது. கதிர் வெளியே வரும் முன் தண்டு புடைத்திருக்கும். அதைச் சூல் என்பார்கள். கர்ப்பத்துக்கும் அதே சொல். கதிர் வந்து பூத்த சில நாளில் ஒரு பச்சை மணியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையாகக் கசிகிறதா? பயிர் பால் பிடித்திருக்கிறது. அந்தப் பால்தான் இறுகி அரிசியாகிறது.

கதிர் பழுத்துத் தலை சாய்ந்தால் அறுவடை. நெல்லின் மேல்தோல் உமி, அதற்கடியில் தவிடு, அதற்குள் அரிசி. சரி, நெல் ஆலைக்குப் போகட்டும். நாம் வயலிலேயே நிற்போம்.

[காட்சி: அறுத்த வயல்]

காலில் குத்துகிறதே, இந்த அடிக்கட்டைதான் தாள். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பாசனத்துக்காக மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தால் முதலில் குறுவை என்ற குறுகிய கால நெல்லை நடுவார்கள். அதை அறுத்ததும் அதே வயலில் தாளை மடக்கி உழுது அடுத்த நெல்லை நடுவார்கள். அந்தப் போகத்தின் பெயர் தாளடி. அதற்கான நாற்று அதோ, அந்த ஓரத்து நாற்றங்காலில் ஏற்கெனவே ஒரு சாண் வளர்ந்து நிற்கிறது.