கைபர் கத்திக்கு மெருகுக் கூலியா?

வாங்கப் போவதாகச் சென்ற காணொளியில் சொன்ன கைபர் கத்தி, அதாவது ஆப்கன் எல்லைப் பகுதியில் வாழும் பஷ்தூன் மக்களின் பழைய நீண்ட கத்தி, நேற்று வந்து சேர்ந்தது. மகிழ்ச்சியோடு பேச வேண்டிய நான் எரிச்சலோடு பேசுகிறேன். காரணம், 240 பவுண்டு விலைக்கு மேல் 'சுத்தம் செய்த கூலி' என்று 25 பவுண்டையும் ரசீதில் சேர்த்திருக்கிறார் விற்பனையாளர். விளம்பரப் படத்தில் கரும்பழுப்பேறி அழகாக இருந்த அலகு, இப்போது எவர்சில்வர் தட்டைப் போல் மின்னுகிறது. இந்த உபகாரத்தை யார் கேட்டார்கள்? பழம்பொருளை பஃபிங் மெஷினில் (சுழலும் மெருகுச் சக்கரத்தில்) கொடுப்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். கெடுத்ததற்குக் கூலியும் கேட்பவரை இப்போதுதான் பார்க்கிறேன். நூறாண்டுக்கு மேல் ஏறிய நிறத்தை இனி எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது.

முதுகுப் பட்டையைப் பாருங்கள். இந்த அலகின் குறுக்குவெட்டு ஆங்கில 'டி' எழுத்தின் வடிவம் கொண்டது. முதுகில் தடித்த பட்டை, அதிலிருந்து மெல்லிதாக இறங்கும் வெட்டுவாய். அலகு முழுவதையும் தடிமனாக அடிக்காமல், கனத்தை முதுகில் மட்டும் நிறுத்தியதால், எடை குறைந்தும் அது வளையாமல் நிற்கிறது. பிடியருகே அகன்று நுனியில் ஊசியாகக் குறுகுவதால் வெட்டுவதற்கும் குத்துவதற்கும் ஏற்றது. 1839இல் தொடங்கிய முதல் ஆங்கில-ஆப்கன் போரிலேயே பிரிட்டிஷ் படையினர் இதன் வலிமையை நேரில் கண்டார்கள். பஷ்தூன் கொல்லர் அரத்தால் நேராக இழைத்த அந்தப் பட்டையின் விளிம்பைத்தான் பஃபிங் சக்கரம் மழுக்கிவிட்டது.

பிடியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அலகின் காம்பு பிடியின் கடைசிவரை நீள, அதன் இருபுறமும் வெண்ணிறத் தகடுகளை ஆணியடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். அவை தந்தமாக இருந்திருந்தால், 2022 ஜூனில் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டப்படி விற்பதும் வாங்குவதும் பெரும் சிக்கல். தந்தத்தின் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் வளைகோடுகள் தெரியும். இதில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது கருமையான நுண்புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. எலும்புதான், ஐயமில்லை! தகடுகளுக்கிடையே ஓடும் பித்தளைப் பட்டையின் இடுக்கில் பச்சைக் களிம்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. சக்கரம் அங்கே நுழையவில்லை.

உறை அசல் அல்ல என்பதே என் கருத்து. பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் தடுப்பு இல்லாத இந்தக் கத்தி, பிடியின் பெரும்பகுதியும் உள்ளே போகுமளவுக்கு உறையில் இறங்க வேண்டும். இதுவோ பிடியின் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது.

இதே விற்பனையாளரிடம், ஆப்கானிஸ்தானை ஆண்ட அமீர் அப்துர் ரகுமான் கான் காலத்தில் காபூலில் அமைந்த மாஷின் கானா ஆலையின் முத்திரை பதித்த ராணுவக் குறுவாள் ஒன்றும் இருக்கிறது. துணியால்கூடத் துடைக்காமல், இருக்கிற துருவோடு அனுப்பினால் மட்டுமே வாங்குவேன் என்று எழுதியிருக்கிறேன். முத்திரை தேய்ந்துவிட்டால் அது எந்த ஆலையின் வேலை என்று நிறுவவே முடியாது.