மஞ்சள் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். சிலேட்டில் எழுதிப் படித்தவர்களுக்கு நான் சொல்வது உடனே பிடிபடும். கோவை இலையை வைத்து எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் நேற்று எழுதியது லேசாகத் தெரிந்துகொண்டே இருக்குமே, அந்த மங்கலான கோட்டை வைத்தே படம் எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்காரர். வில்லியம் கென்ட்ரிட்ஜ், 1955-இல் பிறந்தவர்.

அவருடைய ஆறாவது வயதில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா சிட்னி கென்ட்ரிட்ஜ் வழக்கறிஞர். அவர் அறையில் தட்டையாக ஒரு மஞ்சள் பெட்டி இருந்தது. சாக்லேட் என்று நினைத்துப் பையன் திறக்கிறான். உள்ளே போட்டோக்கள். கறுப்பின மக்கள் எங்கே போனாலும் நடமாட அனுமதி தரும் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் கூடியவர்களைப் போலீஸ் சுட்டதே, அரசுக் கணக்குப்படியே 69 பேர் செத்தார்களே, அந்தப் படங்கள். செத்தவர்களின் குடும்பங்களுக்காக வாதாடியவர் அப்பா. சாக்லேட்டுக்குக் கை நீட்டிய பிள்ளை, பாருங்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, படத்துக்கு வருகிறேன். அனிமேஷனுக்கு ஆயிரக்கணக்கில் தாள் வேண்டும் என்பார்கள். இவர் ஒரு காட்சிக்குச் சுவரில் ஒரே தாளை ஒட்டுகிறார். கரியால் வரைவார், கேமராவரை நடந்துபோய்ப் படம் பிடிப்பார், திரும்பி வந்து கொஞ்சம் அழித்து மாற்றி வரைவார், மறுபடி நடப்பார். நாள் முழுக்க இதே நடைதான். அழித்த கரி முழுசாகப் போகாது, சாம்பல் தடமாகத் தாளில் தங்கும். திரையில் ஒரு கை உயர்ந்தால், அது முன்பு இருந்த இடமும் கூடவே தெரியும். அழித்தது போகவில்லை, சிலேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஓட்டுப்போட்ட முதல் தேர்தலுக்குச் சற்று முன், 1994-இல் முடித்த 'ஃபீலிக்ஸ் இன் எக்ஸைல்' படத்தில் நந்தி என்ற கறுப்பினப் பெண் நிலத்தை அளந்து வரைகிறாள். சுடப்பட்டுக் கிடப்பவர்களைச் செய்தித்தாள்கள் மூடுகின்றன, அப்புறம் மண்ணே அவர்களை விழுங்கிவிடுகிறது. கடைசியில் நந்தியையும்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வெள்ளையர் ஒருவர் கறுப்பர்களின் சாவை வரையலாமா என்பதைத்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். கென்ட்ரிட்ஜின் படங்களில் திரும்பத் திரும்ப இரண்டு பாத்திரங்கள் வரும். தவிக்கிற ஃபீலிக்ஸுக்கு அவர் தன் முகத்தையே வரைந்தார். சுரண்டுகிற சுரங்க முதலாளி சோஹோவின் முகமும் போகப்போக அவர் முகமாகவே ஆகிவிட்டது. படம் கிடைத்தால் அந்த இரண்டு முகங்களையும் கவனித்துப் பாருங்கள். வணக்கம்.