புள்ளியிட்ட இடங்கள்

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூறு 1894ஆம் ஆண்டு வெளிவந்தது. பெயரிலேயே நானூறு என்று எண்ணிக்கை சொல்லும் அந்த நூலில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. பழைய உரையும் முதல் 266 பாடல்களோடு நின்றுவிட்டது. அதற்குப் பின் வரும் பாடல்கள் பலவற்றில் சொற்கள் உதிர்ந்திருந்தன. சிலவற்றில் அடிகளே சிதைந்திருந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, செய்யுள் இயற்றுவதில் நல்ல பழக்கம் பெற்றிருந்த ஐயர், ஓசை கெடாமல் ஒரு சீரை இட்டு நிரப்பியிருந்தால் அந்நாளில் கண்டுபிடிக்கக்கூடியவர் மிகச் சிலரே. அவர் அப்படிச் செய்யவில்லை. சிதைந்த இடத்தில் புள்ளிகளை இட்டு, இங்கே ஏட்டில் எழுத்து இல்லை என்பதைப் படிப்பவருக்குக் காட்டிவிட்டு, அடுத்த அடிக்குச் சென்றார்.

எதையும் குறையில்லாமல் செய்ய வேண்டும், இல்லையென்றால் தொடங்கவே கூடாது என்று எண்ணித் தவிப்பவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புள்ளிகள்தாம் நினைவுக்கு வருகின்றன. ஆய்வு மாணவர்களிடையே இந்தத் தவிப்பை நான் அடிக்கடி பார்க்கிறேன். இன்னும் ஒரு நூலைப் பார்த்துவிட வேண்டும், இந்த இயலை மறுபடி எழுத வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே, நல்ல உழைப்பாளிகள் ஆய்வேட்டை ஒப்படைக்காமல் ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அக்கறையாகத் தெரியும். அருகிலிருந்து பார்த்தால், யாராவது ஒரு பிழையைச் சுட்டிக்காட்டிவிடுவார்களோ என்ற அச்சமே அதில் பெரும்பங்கு என்பது புரியும்.

ஐயரிடம் அக்கறைக்குக் குறைவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன் அவர் பல ஏடுகளை ஒப்பிட்டார்; சமண சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்; அந்நூலுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் நூற்பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை என்று தேடி அலைந்தார். இவ்வளவுக்குப் பிறகும் ஐயங்கள் எஞ்சியிருந்தன. அவற்றோடுதான் நூல் அச்சேறியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1907இல், அதே நூலின் திருத்திய இரண்டாம் பதிப்பை அவரே வெளியிட்டார். முதற்பதிப்பில் குறை இருந்ததை ஒப்புக்கொள்வதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. பத்துப் பத்தாக நூறு பாடல்கள் கொண்ட பதிற்றுப்பத்தை 1904இல் வெளியிட்டபோது முதற்பத்தும் பத்தாம் பத்தும் கையில் இல்லை. அவை கிடைக்கட்டும் என்று காத்திருந்திருந்தால், இன்றுவரை காத்திருக்க வேண்டியதுதான். நடுவில் உள்ள எண்பது பாடல்களையும் கரையான் தின்றிருக்கும்.

ஏடுகளுக்கு நாம் காட்டும் இந்தப் பொறுமை வீட்டிலுள்ள மனிதர்களுக்குக் கிடைப்பதில்லையே என்பதுதான் என் வருத்தம். சிதைந்த புறப்பாட்டைக் கிடைத்த மட்டில் படித்து நெகிழ்கிற நாம், 98 மதிப்பெண்ணோடு வாசலில் வந்து நிற்கும் குழந்தையிடம் மீதி இரண்டு எங்கே என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தக் கேள்வி அதன் மனத்திலேயே தங்கிவிடுகிறது; வளர்ந்த பிறகு, கேட்பதற்கு யாரும் இல்லாத இடத்திலும், தன்னைத்தானே அப்படிக் கேட்டுக்கொள்கிறது. "குணம்நாடிக் குற்றமும் நாடி" என்று வள்ளுவர் குணத்தைத்தான் முதலில் வைத்தார். குற்றத்தைப் பார்க்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இரண்டையும் பார்த்து எது மிகுதியோ அதைக் கொள்ளச் சொன்னார்.

ஆகவே, இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவர் எவரேனும் இருந்தால், அவருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்களுக்கு எட்டாத செய்தி எது என்பதை ஆய்வேட்டின் முன்னுரையிலேயே வெளிப்படையாக எழுதுங்கள். எழுதிவிட்டு, இந்தப் பருவத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். திருத்துவதற்கு அடுத்த பதிப்பு இருக்கிறது.

நன்றி, வணக்கம்.