ஒரு நாய்க்கு நான்கு பெயர்

வணக்கம் நேயர்களே. ஓய்வு பெற்றவர்களின் அன்றாட வாழ்க்கை பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். திருச்சி கே.கே. நகர்ப் பக்கம் வீடு. மகன், மருமகள், பேரன், அப்புறம் செம்பி என்று ஒரு நாட்டு நாய். இதுதான் எங்கள் குடும்பம்.

பென்ஷன், மாத்திரை, முழங்கால் வலி பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் தெருவைப் பற்றிப் பேசுகிறேன். தெருவில் இருக்கிற நாய்களைப் பற்றியும் பேசுகிறேன். ஏனென்றால், வேலைக்காலம் முழுக்க நாய்க்கடி பட்டு வந்தவர்களைப் பார்த்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு நாய்களோடும் அக்கம்பக்கத்தாரோடும் பழகுகிறவள். இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

வேலையில் இருக்கும்போது தெரு என்பது வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் இருக்கிற வழி, அவ்வளவுதான். காலையில் தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனால் திரும்ப இருட்டிவிடும். பக்கத்து வீட்டில் கல்யாணம் நிச்சயமானதுகூடப் பத்திரிகை வைக்க வரும்போதுதான் தெரியும். ஓய்வு பெற்ற பிறகுதான் காலை பத்து மணிக்கு நம் தெரு எப்படி இருக்கும் என்றே பார்க்கிறோம். பள்ளிக்கூட வேன் போய்விடும், ஆபீஸ் வண்டிகள் போய்விடும். அப்புறம் தெருவில் இருப்பது எங்களைப் போன்ற வயதானவர்கள், புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டிக்காரர், நாய்கள்.

என் வீட்டுக்காரருக்குத் தொடக்கத்தில் காலைப்பொழுதுதான் கஷ்டமாக இருந்தது. பணிமனைச் சங்கு நேரத்துக்கு உடம்பு தானாக எழுந்துவிடும். எழுந்து எங்கே போவது? பேப்பரை எத்தனை தடவை படிப்பது? அப்படி இருந்த ஒரு மழைக்காலத்தில்தான் சாக்கடைப் பாலத்துக்கு அடியிலிருந்து செம்பி வந்தாள். கைக்குள் அடங்குகிற குட்டி. மருமகள் முதலிலேயே ஒரு நிபந்தனை சொல்லிவிட்டாள். "அத்தை, வராண்டாவோடு இருக்கட்டும், அடுப்படிக்கு வரக் கூடாது." நியாயமான பேச்சு. இன்று வரைக்கும் செம்பி அந்த நிலைப்படியில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டு, குழம்பு கொதிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே வர மாட்டாள்.

செம்பியைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போன பிறகுதான் என் வீட்டுக்காரர் பழைய மாதிரி பேச ஆரம்பித்தார். தனியாக நடக்கிற மனிதரை யாரும் நிறுத்திப் பேச மாட்டார்கள். நாயோடு போனால் சின்னப் பிள்ளைகள் முதலில் வரும், பின்னாலேயே அதன் அம்மா வருவாள், "என்ன சாப்பிடும், கடிக்குமா, ஊசி போட்டாச்சா" என்று பேச்சு தொடங்கும். இருபது வருஷமாகப் பார்த்துச் சிரிக்க மட்டும் செய்தவர்களின் ஊரும் உறவும் இப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தக் கடைசிக் கேள்வியைக் கவனித்தீர்களா? ஊசி போட்டாச்சா? இன்று நான் சொல்ல வந்ததே அதுதான். வீட்டு நாய் என்றால் பதில் சொல்ல ஆள் உண்டு. தெரு நாய்க்கு யார் சொல்வது?

இப்போது எங்கள் தெருவில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாநகராட்சியிலிருந்து கருத்தடைக்கு நாய்களைப் பிடிக்க வண்டி வரப்போகிறது, எந்தத் தெருவில் எத்தனை நாய் என்று சொன்னால் நல்லது என்றார்கள். எங்களுக்குத்தான் பகல் முழுக்க நேரம் இருக்கிறதே. நானும் மூலைவீட்டு டீச்சரம்மாவும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். பேரன் பாதி எழுதி விட்டுவைத்த கணக்கு நோட்டு.

டீச்சரம்மா வீட்டு வாசலில் மாலையில் சாப்பிடுவது ராமு. பாய் வீட்டில் பிரியாணி மிஞ்சினால் வருவது ராஜா. தையல்கார அக்கா மதியம் தயிர்சாதம் வைப்பது கண்ணனுக்கு. கட்டடம் கட்டுகிற இடத்தில் வாட்ச்மேனோடு ராத்திரி படுத்திருப்பது வீரன். எல்லாவற்றையும் அடையாளத்தோடு எழுதிக்கொண்டோம். எழுதி முடித்து, இஸ்திரி வண்டிப் பக்கம் உட்கார்ந்து படித்துப் பார்த்தால், ராமுவுக்கு இடது காது மடங்கியிருக்கும், ராஜாவுக்கும் இடது காது மடங்கியிருக்கும். கண்ணனுக்கு வால் நுனி வெள்ளை, வீரனுக்கும் வெள்ளை. இஸ்திரிக்கார அண்ணன் பெட்டியை நிறுத்திவிட்டு, "அம்மா, இந்த நாலும் ஒண்ணுதாம்மா. நான் காலையிலேர்ந்து இங்கேயே நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்றார். வண்டிக்கு அடியில் படுத்திருந்த அந்த நாயைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டோம். ராமு என்றாலும் வாலாட்டியது, ராஜா என்றாலும் வாலாட்டியது. நான்கு பெயருக்கும் அதே வால், அதே ஆட்டல்.

சரி, எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நான் அந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். இதற்கு ஊசி போட்டாச்சா? டீச்சரம்மா, பாய் போட்டிருப்பார் என்றார். பாய், தையல்கார அக்கா போட்டிருப்பார் என்று நினைத்திருந்தார். அக்கா, "வாட்ச்மேன்தானே ராத்திரியெல்லாம் கூட வச்சிருக்கார்" என்றார். அந்த நாய்க்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அது நன்றாகக் கொழுத்திருந்தது. நான்கு வீட்டுப் பாசமும் அதற்குக் கிடைத்தது. தடுப்பூசி மட்டும் ஒரு வீட்டிலும் கிடைக்கவில்லை.

செவிலியராக இருந்தவளுக்கு அதைக் கேட்டதும் அடிவயிறு கலங்கியது. வெறிநாய்க்கடி நோய், ரேபிஸ், அறிகுறி தெரிந்த பிறகு கிட்டத்தட்ட யாரையும் விடாது. உலகத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இதனால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மதிப்பீடு. அதில் சுமார் 40 சதவீதம் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பிள்ளைகள்தான் நாயோடு விளையாடுகிறார்கள். பிள்ளைகள்தான் திட்டு விழும் என்று பயந்து கீறலை வீட்டில் சொல்லாமல் மறைக்கிறார்கள். ஒரு பகுதியில் இருக்கிற நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டுவிட்டாலே நோய் பரவுவது அடங்கிவிடும். எல்லா நாயையும் துரத்த வேண்டாம், கொல்லவும் வேண்டாம். ஆனால் எதற்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அந்த நோட்டு இஸ்திரி வண்டியில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு நாய். எல்லாப் பெயர்களும் மேலே எழுதியிருக்கும், யார் வீட்டுப் பெயரையும் விட்டுவிடவில்லை. கீழே அடையாளம், கருத்தடை ஆனதா, ஊசி போட்ட தேதி, அடுத்த ஊசி எப்போது. கருத்தடை செய்த நாய்க்குக் காது ஓரத்தில் சின்னதாக வெட்டிவிடுவார்கள். அதைப் பார்த்துச் சிலர் யாரோ கொடுமைப்படுத்திவிட்டார்கள் என்று பதறுகிறார்கள். அது அடையாளத்துக்காக, மயக்கம் கொடுத்திருக்கும்போதே செய்வது. காதில் அந்த வெட்டு இருந்தால் அறுவை சிகிச்சை முடிந்த நாய் என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம், நாய் பிடிக்காதவர்கள். இவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் பேச்சு நியாயமாக இருக்காது. எங்கள் எதிர்வீட்டு சார் குடை இல்லாமல் வெளியே வர மாட்டார், வெயிலுக்கும் இல்லை, மழைக்கும் இல்லை. சின்ன வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். இளைய நேயர்களுக்கு அந்த ஊசி தெரியாது. வயிற்றில், தினம் ஒன்றாக, நாள்கணக்கில் போடுவது. குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்தின் பெயரை அந்தக் காலத்தில் நாய்க்கடி பட்ட வீடுகளில் எல்லோரும் அறிந்திருப்பார்கள். நானே எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த ஊசி போட்டிருக்கிறேன். அம்மா கையைப் பிடித்துக்கொள்வாள், அப்பா காலைப் பிடித்துக்கொள்வார், பிள்ளை போடுகிற சத்தம் வெளியே வேப்பமரம் வரைக்கும் கேட்கும். 2004-இறுதியோடு இந்தியாவில் அந்த மருந்து தயாரிப்பதை நிறுத்தினார்கள். இப்போது கையில் போடுகிற ஊசி, சில தடவைதான். ஆனால் அன்று வயிற்றில் வாங்கியவருக்குப் பயம் போகுமா? போகாது. அந்தப் பயத்தை மதிக்கத் தெரியாதவர்கள் நாய்க்குச் சோறு வைத்துப் புண்ணியம் இல்லை.

அவர் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில்தான் பலரும் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தார்கள், அங்கே நிழல் என்பதால். அதை மாற்றினோம். 2023-இல் வந்த விலங்குகள் கருத்தடை விதிகளிலேயே இது இருக்கிறது. பிள்ளைகள் விளையாடுகிற இடம், மாடிப்படி, ஆள் போய்வருகிற வாசல், இங்கெல்லாம் இல்லாமல் ஒதுக்குப்புறமாக ஓர் இடம் பார்க்க வேண்டும், பிள்ளைகளும் வயதானவர்களும் நடமாடும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். எங்கள் தெருவில் காலி மனையின் பின்பக்கம், காலை ஆறு மணிக்குள், ராத்திரி எட்டரைக்கு மேல். வாழை இலையோ தாளோ, சாப்பிட்டு முடித்ததும் வைத்தவரே எடுத்துவிட வேண்டும். வேக வைத்த கோழி எலும்பு கூடாது, அது ஊசி மாதிரி உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

எதிர்வீட்டு சாருக்கு இன்றும் நாய் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் அந்த நோட்டில் தேதி எழுதுவது அவர்தான். அரசு அலுவலகத்தில் பதிவேடு பார்த்தவர், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஊசித் தேதி நெருங்கினால் குடையோடு வந்து, "கறுப்பு நாய்க்கு அடுத்த வாரம், மறந்துடாதீங்க" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார். செம்பி வராண்டாவில் இருந்தால் கேட்டுக்கு வெளியே நின்றே சொல்வார். நான் செம்பியைப் பின்கட்டில் கட்டிவிட்டு வந்து பேசுவேன்.

பிடித்துக்கொண்டு போன நாயைத் திரும்ப ஏன் இங்கேயே கொண்டுவந்து விடுகிறார்கள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கருத்தடையும் ஊசியும் ஆன நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது விதி. வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இதைச் சொன்னது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாயை மட்டும் திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று நவம்பரில் தனியாக உத்தரவு வந்தது. தெரு நாயை அப்புறப்படுத்தினால் அந்த இடம் காலியாகவே இருக்காது. சோறு கிடைக்கிற இடத்துக்கு அடுத்த தெரு நாய் வரும், அதற்கு ஊசி போட்டாச்சா என்பது மறுபடியும் தெரியாது. நோட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து எழுத வேண்டியதுதான்.

பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள். பெற்றவர்களுக்கு நேரம் இருக்காது, இது நம் வேலை. நாய் சாப்பிடும்போது, தூங்கும்போது, குட்டியோடு இருக்கும்போது பக்கத்தில் போகக் கூடாது. வாலாட்டினால் எல்லாம் நட்பு இல்லை. உடம்பு விறைத்து, வால் மேலே நின்று மெதுவாக ஆடினால் அது எச்சரிக்கை. நாய் ஓடி வந்தால் ஓடக் கூடாது, கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது, கையை உடம்போடு ஒட்டி மரம் போல நிற்க வேண்டும். எங்கள் பேரனுக்கு வராண்டாவில் வைத்து இதைச் சொல்லிக்கொடுத்தோம். செம்பி அவனைச் சுற்றிச் சுற்றி வர, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இப்போது அவன் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். தீபாவளி வெடிச் சத்தத்தில் நாய்களைப் பார்த்துக்கொள்வது பற்றியும், நமக்குப் பிறகு வீட்டு நாயை யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே பேசி வைப்பது பற்றியும் குறித்து வைத்திருந்தேன். அதற்கு இடமில்லை. கடித்தால் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கடியோ, கீறலோ, உடனே குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிஷம் நாம் நினைப்பதைவிட அதிகம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டு போட வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், அங்கே இந்த ஊசி இலவசம். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இன்னொரு மருந்தும் தேவை, அதையும் கேளுங்கள். வீட்டு நாய்தானே, குட்டிதானே என்று இருந்துவிடாதீர்கள். ஊசி பொதுவாக முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாள். முதல் மூன்றைப் போட்டதும் காயம் ஆறியிருக்கும், அதனால் 28-ஆம் நாளை விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் விடுபடுவது அந்தக் கடைசி ஊசிதான். மருத்துவமனையிலிருந்து வந்ததும் சீட்டைப் பார்த்து, அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வணக்கம்.