சிப்பி முனைக்கு எதிரே நான்கு தீவுகள்

அவையோருக்கு வணக்கம்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கு ஓரத்தில், சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலத்துக்குப் பக்கத்தில், தஞ்சோங் கூப்பாங் என்று ஓர் ஊர் இருக்கிறது. தஞ்சோங் என்றால் முனை. கூப்பாங் என்பது ஒரு வகைச் சிப்பி. அந்த ஊருக்குப் பெயர் வைத்ததே கடல்தான். ஊருக்கு எதிரே கடலைத் தூர்த்து, 4 தீவுகளை எழுப்பி, 7 லட்சம் பேர் வாழ ஒரு நகரம் கட்டுவோம் என்று திட்டம் வந்தது. அதுதான் ஃபாரஸ்ட் சிட்டி. சீனாவின் கன்ட்ரி கார்டன் நிறுவனமும் ஜொகூர் பங்காளிகளும் சேர்ந்து எடுத்த வேலை. ஏறத்தாழ 1,386 ஹெக்டேர் பரப்பு, 10,000 கோடி அமெரிக்க டாலர் மதிப்பு என்றார்கள்.

இப்படிப்பட்ட திட்டங்களின் வரைபடங்களில் கடலைப் பாருங்கள். ஒரே நீலமாக இருக்கும். நிலத்தில் கட்டுவதென்றால் வீட்டை எடுக்கவேண்டும், தோட்டத்தை எடுக்கவேண்டும், பட்டா யார் பேரில் என்று கேட்கவேண்டும். கடலில் அந்தத் தொல்லை இல்லை, அது சும்மா கிடக்கிறது என்ற நினைப்பு அந்த நீலத்துக்குள் இருக்கிறது. இன்று நான் பேச வந்தது அந்த நினைப்பைப் பற்றித்தான்.

அங்கே என்ன இருந்தது? மெராம்போங் தீவை ஒட்டி, மலேசியாவின் பெரிய கடற்புல் படுகைகளில் ஒன்று இருந்தது. கடற்புல்லைப் பாசி என்று நினைக்காதீர்கள். வேர் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே பூத்து, விதை விடுகிற செடி அது. கடற்குதிரை தன் வாலால் அந்தப் புல்லைப் பிடித்துக்கொண்டுதான் நீரோட்டத்தில் நிற்கும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் பெரிய மீன்களுக்குத் தப்பி அதற்குள் ஒளிந்து வளரும். கடற்பசு மேய்வதும் அதைத்தான். நம் பாக் நீரிணைக் கரையில் ஆவுளியா என்பார்களே, அதே உயிர். அந்த ஆவுளியாவுக்காகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்தது. ஒரு கரையில் புல்லைக் காக்கச் சட்டம், இன்னொரு கரையில் புல்லின் மேல் மணல். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கடற்புல்லைக் கொல்ல அதன் மேலேயே மணல் கொட்டவேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்தில் கொட்டினாலே போதும். கிளம்புகிற சேறு தண்ணீரில் மிதந்து வெயிலை மறைக்கும். வெயில் இல்லாமல் செடி எத்தனை நாள் இருக்கும்? புல் போனால் குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமில்லை. பிறகு வலையில் என்ன விழும்? வற்றத்தின்போது கோங்கோங் என்ற கடல் நத்தை பொறுக்கப் போன பெண்களும், சிறு படகுக்காரர்களும், தலைமுறை தலைமுறையாக அந்த நீரிலேயே வாழ்ந்த ஓராங் செலேத்தார் மக்களும் முதலில் உணர்ந்தது இந்தக் கலங்கலைத்தான்.

2014-இன் தொடக்கத்தில் மண் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பாதை புல் படுகையின் ஊடாகவே போனது. விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீடு அதற்குப் பிறகுதான் வந்தது! சிங்கப்பூர் கவலை தெரிவித்தது, வேலை நின்றது. மதிப்பீடு செய்து, பரப்பைக் குறைத்து, ஒரே தீவாக இருந்ததை 4 தீவுகளாகப் பிரித்து, 2015 ஜனவரியில் ஒப்புதல் வாங்கினார்கள். கேள்வி கேட்டதால் திட்டம் மாறியது என்பதை மறக்காதீர்கள். முதலிலேயே கேட்டிருந்தால் அந்தப் புல் மிஞ்சியிருக்கும்.

யாருக்காகக் கட்டினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். வீடுகள் பெரும்பாலும் சீனாவில் இருந்தவர்களுக்கு விற்றன. ஒருவர் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது என்ற வரம்பைச் சீன அரசு இறுக்கியதும் விற்பனை தளர்ந்தது. 2018 ஆகஸ்ட்டில் அன்றைய பிரதமர் மகாதீர் இந்த நகரத்தை வெளிநாட்டவர்க்கு விற்கக்கூடாது என்றார். அடுத்துக் கோவிட் வந்தது. 2023 அக்டோபரில் கன்ட்ரி கார்டன் தன் டாலர் கடனுக்கு வட்டி கட்டமுடியாமல் தவித்தது. 4 தீவுகளில் ஒன்றில்தான் கட்டடங்கள் பெரிதாக எழுந்தன. நான் போன மாலையில் உயரமான அடுக்குமாடிகளில் விளக்கு எரிந்த சன்னல்களை விரல்விட்டு எண்ணினேன். அங்கே வீடு வாங்கிய ஒரு குடும்பத்தின் சேமிப்பும் அந்த இருட்டுக்குள் இருக்கிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. 2024 செப்டம்பரில் மலேசிய அரசு அந்த நகரத்துக்கு வரிச் சலுகைகளை அறிவித்திருக்கிறது. வேலை வந்து, விளக்கு எரிந்தால் நல்லதுதான்.

ஆனால் பினாங்கின் தெற்கே இன்னொரு தீவு எழுகிறது. 3 தீவுகளாக இருந்த திட்டம் 2023 மே மாதம் ஒன்றாகச் சுருங்கியது. பல ஆண்டுகள் எதிர்த்து நின்ற மீனவர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மண் கொட்டும் வேலை அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிவிட்டது. அதனால் நான் ஒன்றைத்தான் கேட்கிறேன். தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளந்தால், அந்த எண்ணை அலுவலகக் கோப்பில் பூட்டி வைக்காமல் அந்தத் தெற்குக் கரையில் உள்ள தெலுக் கும்பார் படகுத்துறையில் வாரம்தோறும் எழுதி ஒட்டுங்கள். மலாயில், சீனத்தில், தமிழில். வலை எடுத்துப் போகிறவர் காலையில் அதைப் படித்துவிட்டுப் படகில் ஏறட்டும்.