ஏரி மண்ணில் ஒரு கைச்சரம்

நேயர்கள் எல்லோருக்கும் என் அன்பான வணக்கம்.

வளையல் வந்து தங்கும் இடத்துக்கு நாம் மணிக்கட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். அங்கே கட்டிக்கொள்ளும் மணியை, நம் ஊர் மண்ணை எடுத்து வீட்டிலேயே உருட்டிச் சுட்டுச் செய்வது எப்படி என்று இன்று பேச வந்திருக்கிறேன். எட்டு வருடமாக என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்துவருகிறேன். தெருப் பிள்ளைகளும் சனிக்கிழமை வந்து சேர்ந்துகொள்வார்கள்.

பிள்ளைகள் முதலில் கேட்பது, "மண்ணை எந்தக் கடையில் வாங்கணும் ஆன்ட்டி?" என்றுதான். அது எனக்கு வருத்தமாக இருக்கும். காட்பாடி பக்கம் கரிகிரியின் மண்பாண்டங்கள் எத்தனையோ தலைமுறையாகப் பெயர் பெற்றவை. அவ்வளவு பக்கத்தில் மண் தெரிந்த கைகள் இருக்கும்போது, நம் பிள்ளைகளுக்குக் களிமண் என்றால் பிளாஸ்டிக் உறையில் வருகிற பொருள் என்று ஆகிவிட்டது. ஒருமுறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குயவர் வீட்டுக்குப் போங்கள். பதப்படுத்திய மண் ஒரு உருண்டை கேட்டு, அதற்கான பணத்தைக் கொடுத்து வாங்கி வாருங்கள். ஒரு கைச்சரத்துக்குப் பெரிய எலுமிச்சம்பழம் அளவு போதும்.

ஏரி மண்ணாகவே கிடைத்தால் கொஞ்சம் வேலை இருக்கிறது. கட்டிகளை நன்றாகக் காயவைத்து உடைத்து, கல்லும் வேரும் பொறுக்கிவிட்டு, வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காய்ந்த மண்தான் தண்ணீரில் சட்டென்று கரையும், அரை ஈரமாகப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். மறுநாள் கலக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் தெளியவிடுங்கள். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் இருக்கும் கூழைத் துணியில் பரப்பினால் ஒன்றிரண்டு நாளில் சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வந்துவிடும். அதைப் பிசைந்து காற்றுப்புகாமல் ஒரு வாரம் மூடி வைத்தால் இன்னும் நன்றாக இழையும்.

பதம் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பென்சில் கனத்துக்குத் திரி உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிக்காமல் சுற்றினால் சரியான மண். பிளந்தால் ஈரமோ பசையோ போதவில்லை. கையை விடாமல் ஒட்டினால், சலித்த நைசான மணல் கொஞ்சம் சேர்த்துப் பிசையுங்கள். மணல் சேர்ந்த மண் குறைவாகச் சுருங்கும், சூட்டையும் தாங்கும்.

இப்போது மணி உருட்டலாம். திரியைச் சமமான துண்டுகளாக வெட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, முதலில் அழுத்தியும் பிறகு அழுத்தாமலும் உருட்டுங்கள். மண் காயும்போதும் சுடும்போதும் சேர்த்துக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் 10 மில்லிமீட்டர் மணி வேண்டுமென்றால் 11 மில்லிமீட்டர் உருட்ட வேண்டும்.

எத்தனை மணி வேண்டும் என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். மணிக்கட்டின் சுற்றளவு 16 சென்டிமீட்டர், மணி 1 சென்டிமீட்டர், அப்படியானால் 16 மணி என்று கோத்துவிடுவார்கள். போட்டால் கையை இறுக்கும். நூல் தோலை ஒட்டி ஓடுவதில்லை, மணியின் நடுவில் ஓடுகிறது. அதனால் மணியின் கனத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். 16 உடன் 3 சேர்த்து 19 மணி வரும். கொஞ்சம் தளர்வாக வேண்டுமானால் 20. உடைவதற்கும் சேர்த்து 25 உருட்டி வையுங்கள்.

துளை போடுவதற்கு அவசரப்படக் கூடாது. உருட்டின உடனே குத்தினால் மணி நசுங்கும். அரை மணி நேரம் நிழலில் இருந்து, தொட்டால் விரல் ரேகை பதியாத அளவு இறுகியதும், ஈர்க்குச்சியைத் திருகித் திருகி இறக்குங்கள். மறுபக்கம் முனை லேசாகத் தெரிந்ததும் உருவிவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து குத்துங்கள். ஒரே பக்கமாகத் தள்ளினால் மண் பிதுங்கிப் பிசிறு நிற்கும். ஈர்க்குச்சியை உள்ளேயே விட்டுக் காயவைக்கவும் வேண்டாம். மண் சுருங்கும், குச்சி சுருங்காது, மணிதான் பிளக்கும். கடைசியாக ஈர விரலால் துளையின் வாயை மழுப்பிவிடுங்கள். ஆறு மாதத்தில் எலாஸ்டிக் அறுந்துபோகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கூரான வாய்தான்.

அலங்காரத்துக்கு நம் சமையலறையே போதும். ஈர மணியில் கேழ்வரகை ஒவ்வொன்றாகப் பதித்துச் சுட்டால், தானியம் எரிந்துபோய்ச் சின்னச் சின்னக் குழிகள் நிற்கும். களி தின்று வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் குழியைப் பார்த்ததும் கேழ்வரகு என்று தெரிந்துவிடும். வெந்தயம் நீளக் குழியைத் தரும். சீப்பின் பல், பேனா மூடி, வேப்பிலை நரம்பு என்று பிள்ளைகளே ஆளுக்கொன்று கண்டுபிடிப்பார்கள். எனக்குப் பிடித்தது எந்த அலங்காரமும் இல்லாத மணி. முக்கால் காய்ந்ததும் ஒரு வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தால், பெயின்ட் இல்லாமலே ஒரு மினுமினுப்பு வரும். பாலாற்றில் பொறுக்கின கல் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

அடுத்தது காயவைப்பது. முதல் வருடம் நான் தோற்றது இங்கேதான். அக்னி நட்சத்திர நேரம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடியில் மணிகளைப் பரப்பினேன், சாயங்காலமே கல் மாதிரி ஆகிவிட்டன. சந்தோஷமாக அன்று இரவே நெருப்பில் வைத்தேன். பொரி பொரிவது போலச் சத்தம் கேட்டது. காலையில் சாம்பலுக்குள் சில்லுகள்தான் கிடைத்தன. மறுநாள் மண் வாங்கித் தரும் ஆயாவிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். நாற்பது வருடம் சட்டி பானை தட்டிய கை அவருடையது. ஒரு சில்லை எடுத்துப் பார்த்துவிட்டு, "மேலதான் கண்ணு காஞ்சிருக்குது, உள்ள ஈரம் அப்படியே கீது. வெயிலு பாத்து ஏமாந்துட்ட. நெழல்ல போடு, ஈரத்துணி மூடு, மண்ணு தானா காயட்டும்" என்றார்.

அவர் சொன்னதுதான் முழு உண்மை. வெயிலில் மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே இருப்பது சுருங்காது, அதனால் விரிசல். மிச்சமிருக்கும் ஈரம் நெருப்பில் ஆவியாகும்போது வெளியே வர வழியில்லாமல் மணியையே உடைத்துக்கொண்டு வருகிறது. இப்போது முதல் நாள் ஈரத்துணியும், பிறகு நான்கைந்து நாள் நிழலும் கொடுக்கிறேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கக் கூடாது. சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

சுடுவதற்கு முன்னால் ஒரு பழைய இரும்புச் சட்டியில் மணல் போட்டு, மணிகளை அதில் புதைத்து, சிறு தீயில் ஒரு மணி நேரம் சூடேற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் போய்விடும். அப்புறம் வெளியே, கூரை, வைக்கோல், மரம் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், நான்கு செங்கல் வைத்து வறட்டி அடுக்கி, நடுவில் மணிகள் உள்ள மண்சட்டியை வைத்து, மேலேயும் சுற்றியும் வறட்டி மூடித் தீ வையுங்கள். தீ மெதுவாக ஏற வேண்டும். இந்த வேலை பெரியவர்களுடையது, பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். வாளியில் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். தீ அடங்கினதும் கிளறாமல் அப்படியே ஒரு ராத்திரி விடுங்கள். சூடாக வெளியே எடுத்தால் குளிர்ந்த காற்று பட்டே வெடிக்கும்.

காய்ந்த மணி தண்ணீர் பட்டால் மறுபடி சேறாகும். ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் தாண்டிச் சுட்ட மணி கரையாது. மண்ணுக்குள்ளேயே கட்டுண்டு இருக்கும் நீர் அந்தச் சூட்டில்தான் பிரிந்து போகிறது, அதற்குப் பிறகு அது பழைய மண்ணாகத் திரும்பவே முடியாது. அதனால் எரிவாயு அடுப்பில் வாணலியில் வறுத்து எடுத்தால் சுட்டதாக ஆகாது. சந்தேகம் இருந்தால் ஒரு மணியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். இரண்டு மணிகளைத் தட்டினால் கணீரென்ற சத்தமும் கேட்க வேண்டும்.

நிறத்தைத் தீர்மானிப்பது காற்று. நன்றாகக் காற்றுப் பட்டு வெந்தால் மண்ணில் உள்ள இரும்பு சிவப்பாகும். அதே மணிகளைச் சட்டியில் உமியும் மரத்தூளும் போட்டுப் புதைத்து, இறுக்க மூடிச் சுட்டால், காற்றில்லாமல் புகை ஏறிக் கறுப்பாகிவிடும். இந்த வித்தை நம் மண்ணில் மிகப் பழையது. முந்தைய வட ஆற்காட்டில், இன்றைய திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளி என்று ஓர் ஊர். 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. கீழே புதிய கற்கால மக்களின் சாம்பல் நிறப் பாண்டங்கள், மேலே இரும்புக் கால மக்களின் கறுப்பு சிவப்புப் பாண்டங்கள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. காற்றை எங்கே விடுவது, எங்கே அடைப்பது என்று தெரிந்த கை செய்த வேலை அது. கீழடியில் சுடுமண் மணிகளே கிடைத்திருக்கின்றன. சட்டியைத் திறந்து பாதி சிவப்பும் பாதி கறுப்புமாக ஒரு மணி கிடைத்தால் பிள்ளைகள் "வீணாப்போச்சு" என்பார்கள். நான் அதைத்தான் சரத்தின் நடுவில் கோப்பேன்.

பாலிமர் கிளே பற்றியும் கேட்பீர்கள். அதன் பெயரில்தான் மண் இருக்கிறது, உண்மையில் அது பிவிசி பிளாஸ்டிக். 130 டிகிரி அளவில் ஓவனில் இறுகும். வண்ணம் அழகாக வரும், அதைச் செய்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஒருபோதும் வறட்டி நெருப்பில் போடாதீர்கள், கருகி நச்சுப் புகை வரும்.

கோப்பதற்கு 0.8 மில்லிமீட்டர் எலாஸ்டிக் நூல் போதும். வேலூர் லாங் பஜார் பக்கம் ஃபேன்சி கடைகளில் கேளுங்கள். கோப்பதற்கு முன் நூலை இரண்டு மூன்று முறை நன்றாக இழுத்து விடுங்கள், இல்லையென்றால் பத்து நாளில் சரம் தொளதொளவென்று ஆகிவிடும். முடிச்சில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, ஒரு சொட்டுப் பசை வைத்து, காய்ந்ததும் பக்கத்து மணியின் துளைக்குள் தள்ளிவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் கையில் போட வேண்டாம், அறுந்தால் மணியை வாயில் போட்டுக்கொள்வார்கள். குளிக்கும்போது கழற்றி வையுங்கள். சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சும், ஈரத்தோடு கிடந்தால் நூல் சீக்கிரம் இற்றுப்போகும்.

நூல் அறுந்தாலும் மணிகளைத் தூக்கி எறியாதீர்கள். எட்டு வருடம் முன்னால் ஆயா சொல்லிக்கொடுத்த பிறகு முதன்முதலில் உடையாமல் வந்த பத்தொன்பது மணிகளும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நூல்தான் நான்கு முறை மாறியிருக்கிறது.

நன்றி, வணக்கம்.