255, 253, 24: பச்சைத் திரை இணையத்துக்கு வந்த வழி

[திரை: கறுப்புப் பின்னணி, பச்சை எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து. கர்சர் துடிக்கிறது.]

இந்தத் திரையைப் பார்த்ததும் சிலருக்குப் பழைய நினைவு வரும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். சென்னையில் மெயின்ஃப்ரேம் (ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தும் பெரிய மையக் கணினி) ப்ராஜெக்டில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் முதல் நாளே ஏமாந்த இடம் எண்டர் பட்டன். தட்டுவார்கள், கர்சர் அடுத்த வரிக்குப் போகும், வேறொன்றும் நடக்காது. பக்கத்து சீட் சீனியர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வலது பக்கக் கன்ட்ரோலைத் தட்டுப்பா" என்பார்.

மெயின்ஃப்ரேமோடு பேச உதவும் திரையும் விசைப்பலகையும் சேர்ந்ததுதான் டெர்மினல். ஐ.பி.எம்.மின் 3270 டெர்மினல்களில் எண்டர் விசை ஸ்பேஸ் பாருக்கு வலது பக்கத்தில் இருந்தது. அந்த வகை டெர்மினல் வந்தது 1971-ல். இன்று உங்கள் லேப்டாப்பில் ஓடும் எமுலேட்டர், அந்தப் பழைய இரும்புப் பெட்டியைப் போல வேஷம் கட்டுகிறது. வேஷம் இருக்கட்டும். அது பேசுவது டி.சி.பி. ஐ.பி. வழியாக, அதாவது இணையத்தின் வழியாக. அந்த இரும்புப் பெட்டிக்கோ இணையம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு கம்பெனிக்குச் சொந்தமான மூடிய நெட்வொர்க் எப்படித் திறந்த இணையத்தோடு கைகோத்தது? இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

[திரை: மேஜையில் டெர்மினல், அதிலிருந்து கறுப்புக் கோஆக்ஸ் கேபிள், கன்ட்ரோலர் பெட்டி, கடைசியில் மெயின்ஃப்ரேம்.]

பழைய ஏற்பாடு இப்படி. ஒவ்வொரு டெர்மினலிலிருந்தும் ஒரு கோஆக்ஸ் கேபிள் கிளம்பி 3274 என்ற கன்ட்ரோலருக்குப் போகும். ஒரு கன்ட்ரோலருக்கு 32 சாதனம் வரை. அங்கிருந்து லீஸ்டு லைனில், அதாவது வாடகைக்கு எடுத்த தனி இணைப்பில், மெயின்ஃப்ரேமுக்கு. யார் யாரோடு பேசலாம், எந்த வரிசையில் பேசலாம் என்பதையெல்லாம் 1974-ல் ஐ.பி.எம். அறிவித்த எஸ்.என்.ஏ. என்ற கட்டமைப்பு தீர்மானிக்கும். அதற்குள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. வெளியே இருப்பவருக்குத்தான் கதவு இல்லை.

1980களில் பல்கலைக்கழகங்களில் இன்னொரு கேபிளும் வந்து சேர்ந்தது: ஈதர்நெட். அதன் மேல் டி.சி.பி. ஐ.பி. அறையில் யூனிக்ஸ் கணினி இருக்கிறது, கட்டடத்தின் மறு கோடியில் மெயின்ஃப்ரேம் இருக்கிறது. தூரத்துக் கணினியில் லாகின் செய்ய டெல்நெட்டும் இருக்கிறது. அப்புறம் என்ன, டெல்நெட்டிலேயே போய்விடலாமே என்று தோன்றும். போனால் திரையில் குப்பைதான் வரும். அதற்குக் காரணம் இரண்டு.

[திரை: இடது பக்கம் தொலைபேசி, வலது பக்கம் வங்கிச் சலான்.]

டெல்நெட் தொலைபேசிப் பேச்சு மாதிரி. நீங்கள் அடிக்க அடிக்க எழுத்து போகும், பதில் வரும். 3270 அப்படியில்லை, அது வங்கிச் சலான் மாதிரி. கவுன்டரில் இருப்பவர் ஒரு படிவத்தை நீட்டுகிறார். எந்தக் கட்டத்தில் எழுதலாம், எதைத் தொடக்கூடாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். நீங்கள் ஓரமாக நின்று எழுதலாம், அடிக்கலாம், திருத்தலாம். கவுன்டர்க்காரர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நீட்டும்போதுதான் அவருக்கு வேலை. அந்த நீட்டல்தான் எண்டர். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இயந்திரத்தில் வேலை பார்க்க முடிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்: ஒவ்வொரு எழுத்துக்கும் மெயின்ஃப்ரேமை எழுப்பத் தேவையில்லை. அதிலும் ஒரு சிக்கனம் உண்டு. நீங்கள் மாற்றிய கட்டங்கள் மட்டுமே திரும்பிப் போகும், முழுப் படிவமும் போகாது.

இரண்டாவது காரணம் எழுத்துக் குறியீடு. டெல்நெட் தானாக எதிர்பார்ப்பது ஆஸ்கி. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' 65, 'இசட்' 90, நடுவில் இடைவெளி கிடையாது. ஐ.பி.எம்.மின் எப்சிடிக் குறியீட்டில் 'ஏ' 193. அங்கிருந்து ஒன்பது எழுத்து, 201 வரை. பிறகு ஒரு தாவல், 'ஜே' 209-ல் ஆரம்பிக்கும். 217-ல் நின்று மறுபடி ஒரு தாவல், 'எஸ்' 226-ல். துளையிட்ட அட்டைக் காலத்தின் தழும்பு அது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இதில் எரிச்சல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது உங்களிடம் இந்த வேலையைக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைக்கலாம். படிவத்தைப் பிரித்து, சாதாரண டெர்மினலுக்கு ஏற்ப வரிகளாக மாற்றித் தருகிற கருவி. அப்படிப்பட்ட கருவிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் மொழிபெயர்த்தால் எப்போதும் ஏதாவது ஒன்று நழுவிவிடும்.

நிலைத்து நின்ற வழி இதைவிடச் சோம்பேறித்தனமானது. எதையும் மொழிபெயர்க்காதே, படிவத்தை அப்படியே ஒரு கவரில் போட்டு டெல்நெட்டில் அனுப்பு. பிரித்துப் படிப்பது உன் கணினியில் இருக்கும் மென்பொருளின் பாடு. பெர்க்லியில் யூனிக்ஸுக்காக கிரெக் மின்ஷால் எழுதிய டி.என். 3270 என்ற மென்பொருள் இந்த வகைதான். இதற்காக டெல்நெட்டில் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. ஏற்கெனவே இருந்த மூன்று ஆப்ஷன்களை, அதாவது இரு பக்கமும் பேசி ஒத்துக்கொள்ளும் வசதிகளை, சேர்த்துக் கட்டினார்கள், அவ்வளவுதான். அந்தப் பேச்சைப் பைட் பைட்டாகவே பார்த்துவிடுவோம்.

[திரை: வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

சர்வர்: 255 253 24
நாம்: 255 251 24
சர்வர்: 255 250 24 1 255 240
நாம்: 255 250 24 0 ஐபிஎம்-3278-2 255 240

255 என்றால், 'கவனி, இது தரவு இல்லை, கட்டளை' என்று பொருள். 253 என்பது 'செய்', 251 என்பது 'செய்கிறேன்'. 255 250-க்கும் 255 240-க்கும் நடுவில் வருவது விவரம்; அதில் ஆப்ஷன் எண்ணுக்குப் பிறகு வரும் 1 'சொல்லு', 0 'இதோ'. 24 என்பது டெர்மினல் வகை சொல்லும் ஆப்ஷனின் எண். ஆக முதல் வரியில் சர்வர், அதாவது மெயின்ஃப்ரேம் பக்கம், 'நீ எந்த வகை டெர்மினல் என்று சொல்வாயா?' என்று கேட்கிறது. நாம் 'சொல்கிறேன்' என்கிறோம். 'சரி, சொல்லு' என்கிறது. நாம் கூசாமல் ஒரு பொய் சொல்கிறோம்: நான் ஐ.பி.எம். 3278, மாடல் 2. அதுதான் 24 வரி, 80 எழுத்துத் திரை.

அடுத்து ஆப்ஷன் 25, 'ஒவ்வொரு படிவம் முடியும்போதும் முடிந்தது என்று குறி வை'. அப்புறம் ஆப்ஷன் 0, 'இனி வருவதை ஆஸ்கி என்று நினைக்காதே, பைட்டை அப்படியே கடத்து'. இரண்டு பக்கமும் இரண்டுக்கும் சம்மதித்தால் பேரம் முடிந்தது. அந்த நொடியிலிருந்து போவதும் வருவதும் 3270 தரவு. நீங்கள் எண்டர் தட்டினால் முதலில் 125 போகும். எண்டர் விசைக்கு அதுதான் எண். பிறகு கர்சர் நிற்கும் இடத்துக்கு இரண்டு பைட், பிறகு நீங்கள் நிரப்பிய கட்டங்கள், கடைசியில் 255 239. கவரை ஒட்டியாகிவிட்டது. தரவுக்குள்ளேயே 255 வந்துவிட்டால்? அதை இரண்டு தடவை எழுதிவிடுவார்கள். ஒற்றை 255 கட்டளை, இரட்டை 255 தரவு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், 3270 தரவுக்குள் என்ன இருக்கிறது என்று இந்த ஏற்பாடு வாயே திறப்பதில்லை. அதற்கு ஐ.பி.எம். வெளியிட்ட கையேடு இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள். சொந்த உரிமையில் வைத்திருந்த தொழில்நுட்பம்தான், ஆனால் தரவின் வடிவத்தை அச்சடித்து வெளியிட்டிருந்தார்கள். அந்தக் கையேடு மட்டும் இல்லையென்றால் கவர் இருந்தும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாமல் தவித்திருப்பார்கள்.

[திரை: 1988.]

இங்கேதான் கதையில் ஒரு வேடிக்கை. மூன்று ஆப்ஷனைக் கயிறு போட்டுக் கட்டுவது பார்க்க அழகாக இல்லை, ஒரே ஆப்ஷனாகச் செய்யலாமே என்று 1988 ஜனவரியில் ஓர் ஆர்.எஃப்.சி. (இணைய விதிமுறைகளை எழுதிவைக்கும், எண்ணிட்ட ஆவணம்) வந்தது, எண் 1041. எழுதியவர் ஐ.பி.எம்.மின் யாக்கோவ் ரெக்டர். இணையப் பாதைகளை இன்றும் தீர்மானிக்கிற பி.ஜி.பி.யைப் பின்னால் வடிவமைத்தவர்களில் ஒருவர். அவர் எழுதியதில் குறையொன்றும் இல்லை. ஆப்ஷன் 29 என்று எண்ணும் ஒதுக்கியாயிற்று. ஆனால் பயன்படுத்த ஆள் இல்லை. ஏனென்றால் கயிற்றுக் கட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஒன்றைக் கழற்றிவிட்டு அழகான ஒன்றை மாட்ட யாருக்கும் அவசரமில்லை.

ஆறு வருடம் கழித்து, 1994 ஜனவரியில், ஆர்.எஃப்.சி. 1576 வந்தது. 'எல்லோரும் இப்போது செய்துகொண்டிருப்பது இதுதான்' என்று நடைமுறையை எழுதிவைத்தது. 1041-ஐ மிகச் சிலரே செயல்படுத்தினார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னது. ஊரார் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை போட்ட பிறகு, அதையே வரைபடத்தில் ஏற்றுவது போல. இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐ.ஈ.டி.எஃப்.பில் ஓடும் மென்பொருளுக்கு இருந்த மரியாதை அப்படி.

நடைமுறையிலும் ஓட்டை இருந்தது. எஸ்.என்.ஏ. உலகில் ஒவ்வொரு டெர்மினலுக்கும் பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துத்தான் பல மென்பொருள்கள் வேலை செய்தன. இந்த டெர்மினல் மூன்றாம் கவுன்டருடையது, இதற்குப் பக்கத்தில் இருக்கும் பிரின்டர் இது, ரசீதை அங்கே அனுப்பு. டெல்நெட்டில் வந்தால் சர்வர் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு பெயரைக் கொடுத்துவிடும். ஆள் மூன்றாம் கவுன்டரில் உட்கார்ந்திருப்பார், மெயின்ஃப்ரேமுக்கு அவர் யாரென்று தெரியாது. பிரின்டர்களுக்கோ பழைய முறையில் இடமே இல்லை.

1994 ஜூலையில் டி.என். 3270-ஈ என்ற மேம்பட்ட வடிவம் ஆர்.எஃப்.சி. 1647 ஆக வந்தது, 1998-ல் 2355 ஆகத் திருத்தப்பட்டது. ஆப்ஷன் எண் 40. இந்த முறை ஒற்றை ஆப்ஷனுக்கு வேலை இருந்தது. 'எனக்கு இந்தப் பெயர்தான் வேண்டும்' என்று கேட்கலாம். 'அந்த டெர்மினலோடு ஜோடியாக இருக்கும் பிரின்டர் நான்' என்றும் சொல்லலாம். ஒவ்வொரு கவரின் முகப்பிலும் ஐந்து பைட் முகவரிச் சீட்டு: உள்ளே திரைத் தரவா, அச்சுத் தரவா, பதில் வேண்டுமா, வரிசை எண் என்ன என்று. அழகுக்காக வந்த 1041 நிற்கவில்லை. ரசீது அச்சாகவில்லையே என்ற குறைக்காக வந்த இது நின்றது.

[திரை: இரண்டு ரவுட்டர்கள், நடுவில் நீண்ட கோடு.]

இதெல்லாம் மனிதர் உட்காரும் முனைக்கு. அந்தப் பக்கமும் எஸ்.என்.ஏ., இந்தப் பக்கமும் எஸ்.என்.ஏ., நடுவில் மட்டும் ஐ.பி. என்றால்? அங்கே தொல்லை வேறு. எஸ்.என்.ஏ. இணைப்புகளுக்குப் பொறுமை குறைவு. அனுப்பியதற்கு 'வந்து சேர்ந்தது' என்ற பதில் சட்டென்று வராவிட்டால், சில முறை முயன்றுவிட்டுத் தொடர்பையே அறுத்துவிடும். ஐ.பி. நெட்வொர்க்கோ கொஞ்சம் முன்பின் ஆகும் இடம். அதற்கு டி.எல்.எஸ்.டபிள்யூ. என்ற முறையில் ரவுட்டர் ஒரு சின்னத் தில்லுமுல்லு செய்கிறது: சரக்கு போய்ச் சேரும் முன்பே, பக்கத்தில் இருக்கும் எஸ்.என்.ஏ. கருவியிடம் 'கிடைத்தது, கிடைத்தது' என்று தானே சொல்லிவிடும். பிறகு சரக்கை டி.சி.பி.யில் ஏற்றி, போய்ச் சேர்வதை டி.சி.பி.யிடம் விட்டுவிடும். 1993-ல் இதை ஐ.பி.எம். ஆர்.எஃப்.சி. 1434 ஆக வெளியிட்டது. மற்ற ரவுட்டர் கம்பெனிகளும் சேர்ந்து உட்கார்ந்து தெளிவில்லாத இடங்களைச் சரி செய்தபின் 1995-ல் 1795 வந்தது.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். டெல்நெட்டில் பூட்டு கிடையாது. கடவுச்சொல்லும் அப்படியே திறந்த கடிதமாகத்தான் போனது. பிறகு டி.எல்.எஸ். என்ற மறைகுறியாக்க முறைக்குள் வைத்து அனுப்பும் வழி வந்தது. அதற்கு ஒதுக்கிய போர்ட், அதாவது இணைப்பு வந்து சேரும் வாசல் எண், 992. கவருக்கு மேல் இன்னொரு கவர்.

[திரை: மறுபடி பச்சைத் திரை. இன்றைய லேப்டாப்.]

எமுலேட்டரைத் திறந்து, போகிற வருகிற பைட்டுகளைக் காட்டும் ட்ரேஸ் வசதியை ஆன் செய்துவிட்டு, ஏதாவது ஒரு மெயின்ஃப்ரேமோடு இணைத்துப் பாருங்கள். சர்வர் பொதுவாக 255 253 40 என்று ஆரம்பிக்கும், 'புதுப் பேச்சு தெரியுமா?'. எமுலேட்டரில் அதை அணைத்து வைத்திருந்தால் 255 252 40 என்று பதில் போகும், 'தெரியாது'. சர்வர் கோபித்துக்கொள்ளாது. அடுத்த வரியில் 255 253 24 வரும், 'சரி, நீ எந்த வகை டெர்மினல்?'